துப்பாக்கி பட்டியைக் காக்காது

"ஆட்டை அடிக்கிற சிறுத்தையைச் சுட ஒரு உத்தரவு போடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்." ஜவ்வாது மலையடிவாரத்து ஊர்களில் இந்தப் பேச்சு பழையதுதான். 2024க்குப் பிறகு அது வேகம் பிடித்துவிட்டது. அந்த ஆண்டு ஜூனில் திருப்பத்தூர் நகரத்துக்குள்ளேயே ஒரு பள்ளி வளாகத்தில் சிறுத்தை புகுந்து, கடைசியில் ஒரு கார் கொட்டகையில் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டது. டிசம்பரில் வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் அருகே மலையடிவாரக் கிராமம் ஒன்றில் இளம்பெண் ஒருவர் சிறுத்தை தாக்கி இறந்தார். அதற்குப் பிறகு காட்டோரம் ஆடு காணாமல் போனால்கூட, "சுட்டுத் தள்ள வேண்டியதுதானே" என்பதே எல்லாருடைய வாயிலும் வருகிறது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அடுக்குமாடியில் குடியிருப்பவரும் சொல்கிறார், செங்கம் பக்கம் நாலு வெள்ளாடு வைத்திருப்பவரும் சொல்கிறார்.

இந்தக் கருத்து தவறு. காட்டுயிரைப் போற்றும் ஆர்வத்தில் இதைச் சொல்லவில்லை. ஆட்டுக்காரரின் பக்கம் நின்றே சொல்கிறேன். சிறுத்தையைச் சுடுவதால் ஆட்டுக்காரருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் தப்பித்துக்கொள்ள அரசுக்குத்தான் அது வழி செய்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துவிடுவோம். மனிதரைத் தொடர்ந்து தாக்கும் விலங்கைப் பற்றி நான் வாதாட வரவில்லை. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 11ஆம் பிரிவு, மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கைக் கொல்லத் தலைமை வனவுயிர்க் காப்பாளர் எழுத்து மூலம் உத்தரவிடலாம் என்கிறது. அதைப் பிடிக்கவோ மயக்கவோ முடியாது என்று அவர் முடிவுக்கு வந்த பிறகுதான் அந்த உத்தரவு. 2021இல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் டி23 என்ற புலி மனிதர்களைக் கொன்றபோது அப்படித்தான் வேட்டை உத்தரவு பிறந்தது. உடனே கொன்றுவிடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வாரக்கணக்கில் தேடி அக்டோபர் 15ஆம் தேதி அதை உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். அந்தத் தேடலில் இரவு பகல் பார்க்காமல் காட்டில் கிடந்த ஊழியர்களும் பழங்குடித் தடம் பார்ப்பவர்களும் மரியாதைக்குரியவர்கள். ஆனால் அதே சட்டம் ஆட்டையும் மாட்டையும் அடித்தது என்பதற்காக ஒரு சிறுத்தையையோ புலியையோ கொல்ல அனுமதிப்பதில்லை. முதல் அட்டவணையில் உள்ள விலங்குக்கு மனித உயிருக்கான ஆபத்தே முக்கிய அளவுகோல். சொத்துச் சேதம் அந்தக் கணக்கில் வராது. "இந்தச் சட்டம் விவசாயிக்கு விரோதம்" என்று இதைச் சுட்டித்தான் பேசுகிறார்கள். இதைத் தளர்த்து என்பதுதான் கோரிக்கை. நான் மறுப்பது இந்தக் கோரிக்கையைத்தான்.

ஆடு செத்தவரின் வலியைச் சிறிதாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. "காட்டுக்குள் ஏன் மேய்க்கப் போனார்?" என்று கேட்கும் நகரத்து இயற்கை ஆர்வலருக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. வெள்ளாடு ஏழை வீட்டு நகை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மருத்துவச் செலவு, மகளின் சீமந்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிடா விற்கப்படுகிறது. சினையாடு ஒன்று போனால் அதோடு இரண்டு குட்டிகளும், அடுத்த ஈற்றும், அந்த வருஷத்துத் திட்டம் முழுவதும் போகிறது. திருவண்ணாமலை உயிர்களிடத்தில் அன்பு காட்டும் ஊர், ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்குச் சமாதி இருக்கிறது, பகவான் ரமணர் மலையில் வாழ்ந்த காலத்தில் சிறுத்தை வந்து போனதாம் என்றெல்லாம் சொல்லி ஆட்டுக்காரரைச் சமாதானம் செய்ய முயல்வது அவமதிப்பு. துறவியின் அச்சமின்மையை நாலு ஆடு வைத்திருப்பவரிடம் எதிர்பார்க்க யாருக்கும் உரிமை கிடையாது. அவருக்கு நட்டம் நடந்திருக்கிறது. அதை யார் ஈடுகட்டுவது, மறுபடி நடக்காமல் எப்படித் தடுப்பது என்ற இரண்டு கேள்விக்குத்தான் பதில் வேண்டும். துப்பாக்கி இரண்டுக்குமே பதில் சொல்வதில்லை.

செத்துக் கிடக்கும் ஆட்டை ஒரு முறை குனிந்து பார்த்தாலே பாதி விவாதம் தீர்ந்துவிடும். சிறுத்தை அடித்த ஆட்டுக்குத் தொண்டையில் கோரைப்பல் இறங்கிய துளைகள் தெரியும். ஆழமாக, நெருக்கமாக, சுத்தமாக இருக்கும். தோலை உரித்துப் பார்த்தால் அந்த இடத்தில் ரத்தம் கட்டியிருக்கும். இழுத்துக்கொண்டு போன தடம் புதர்ப் பக்கம் போகும். பெரும்பாலும் ஒரே ஆடு. நாய் அடித்தது வேறு மாதிரி. பின்தொடை கிழிந்திருக்கும், வயிறு திறந்திருக்கும், காதும் வாலும் குதறியிருக்கும், உடம்பெல்லாம் பல் பட்டிருக்கும். ஒன்றைத் தின்ன பத்தைக் கடித்துப் போட்டிருக்கும். பட்டிக்குள் வரிசையாகச் செத்தும் குற்றுயிராகவும் கிடக்கும் ஆடுகளைக் கண்டால், பத்தில் ஒன்பது முறை அங்கே வந்துபோனது தெருநாய்க் கூட்டம்தான் என்று கால்நடை மருத்துவம் படித்தவர்கள் மட்டுமல்ல, பழைய ஆட்டுக்காரர்களும் சொல்வார்கள்.

காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் மறியல் செய்தார்கள். அங்கே ஆட்டைக் கொன்றது எந்தக் காட்டு விலங்கும் இல்லை, தெருநாய்கள். பல மாதப் போராட்டத்துக்குப் பிறகே நாய் கடித்துச் செத்த கால்நடைக்கும் நிவாரணம் என்று அரசு இறங்கி வந்தது. நம் ஊரில் கிரிவலப் பாதையோரக் காட்டிலிருந்து தண்ணீர் தேடி இறங்கும் புள்ளிமானை விரட்டிக் கடிப்பதும் அதே நாய்கள்தான். லட்சக்கணக்கானோர் பதினான்கு கிலோமீட்டர் நடந்து முடித்ததும் மிஞ்சும் சோறும், ஊர்ப்புறச் சாலையோரத்தில் மூட்டையாகக் கொட்டப்படும் கோழிக்கழிவும் அந்தக் கூட்டத்தை வளர்க்கின்றன. காட்டோரம் நாய் பெருகினால் நாயைத் தேடிச் சிறுத்தை இறங்கும். நாயைப் பெருக்கியது நம் குப்பை. தண்டனை மட்டும் சிறுத்தைக்கு.

"அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் சுட்டான், தொல்லை இல்லாமல் இருந்தது" என்ற வாதத்தை வயதானவர்கள் மிகுந்த நம்பிக்கையோடு சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் சுட்டது உண்மை. தலைக்கு இவ்வளவு என்று பணம் வைத்தே கொன்றார்கள். வரலாற்றாய்வாளர் மகேஷ் ரங்கராஜன் அரசாங்கக் கணக்குகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார். 1875 முதல் 1925 வரை ஐம்பது ஆண்டுகளில் 80,000க்கு மேல் புலிகள், 1,50,000க்கு மேல் சிறுத்தைகள், 2,00,000 ஓநாய்கள். இவ்வளவு கொன்றும் தொல்லை தீர்ந்திருந்தால் ஐம்பதாவது ஆண்டிலும் தலைக்கு விலை வைக்க வேண்டிய தேவை என்ன? வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன் பழைய சேலம் மாவட்டக் காடுகளில் அலைந்து எழுதிய கதைகள் பெரும்பாலும் அந்த ஐம்பது ஆண்டுகளுக்குப் பிந்தையவை. அவற்றிலும் மாடு அடிக்கும் சிறுத்தைகளும் ஆளைக் கொல்லும் புலிகளும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலிக்கு வலப்பக்கக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிச் சூட்டில் உடைந்தவை அவை என்றும், அதனால்தான் இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதர் பக்கம் திரும்பியது என்றும் அவரே எழுதினார். குறி தவறிய ஒரு குண்டு எப்படிப்பட்ட விலங்கைக் காட்டில் விட்டுச் செல்லும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். கடைசி விலங்கு வரை கொன்றுவிட்டால் சேதம் நிற்கும். சிவிங்கிப்புலிக்கு அது நடந்தது. 1947இல் இன்றைய சத்தீசுகரில் மூன்று சிவிங்கிப்புலிகள் சுடப்பட்டதோடு இந்தியாவில் அதன் கதை முடிந்தது. இன்று ஆப்பிரிக்காவிலிருந்து விமானத்தில் கொண்டுவந்து குனோவில் விடுகிறோம். சுடச் சொல்கிறவர்கள் கேட்பது அதைத்தானா? தமிழ்நாட்டில் 2022 கணக்கெடுப்பின்படி இருக்கும் 1,070 சிறுத்தைகளையும் கொன்று முடிக்கச் சொல்கிறார்களா? கேட்டால், "இல்லையில்லை, ஆடு அடிக்கிறதை மட்டும்" என்கிறார்கள். அங்கேதான் வாதம் உடைகிறது.

ஆடு அடித்தது எது என்று எப்படித் தெரியும்? இருட்டில் வந்து இருட்டில் போனதை யாரும் அடையாளம் பார்த்து வைக்கவில்லை. செத்த ஆட்டருகே பரண் கட்டி உட்கார்ந்தால் முதலில் வருவது எதுவோ அது சாகும். அது குட்டிகளுக்கு இரை தேடும் தாயாக இருந்தால், வேட்டை பழகாத குட்டிகள் பசியோடு கட்டுத்தறி பக்கம்தான் வரும். முதிர்ந்த ஆண் சிறுத்தை தன் வட்டாரத்தில் மற்றதை அண்டவிடாது. அதைக் கொன்றால் அந்த இடம் காலியாகக் கிடக்காது. இடம் தேடி அலையும் இளசுகள் ஒன்றுக்கு இரண்டாக வரும். அவற்றுக்குக் காடும் பழக்கமில்லை, மனிதரும் பழக்கமில்லை.

இது ஊகம் அல்ல. மகாராஷ்டிரத்தின் ஜுன்னரில் சிறுத்தைகளைக் கொல்லவில்லை, பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். காட்டுயிர் ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அதன் விளைவை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். பிடித்து விடுவதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆகத்தான் இருந்தன மனிதர் மீதான தாக்குதல்கள். பிடித்து விடத் தொடங்கியபின் 17 ஆயின. உயிர் போன தாக்குதல்களின் விகிதமும் ஏறியது. ஊரோரம் சத்தமில்லாமல் வாழ்ந்துகொண்டிருந்த விலங்கை இடம்பெயர்த்ததற்கே இந்த விலை. நம் ஊரில் "சுடக் கூட வேண்டாம், கூண்டு வச்சுப் பிடிச்சு எங்கேயாவது கொண்டு போய் விடுங்க" என்று மிதவாதமாகப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எங்கேயாவது என்பது இன்னொரு ஆட்டுக்காரரின் ஊர்.

வெளிநாட்டைக் காட்டுகிறார்கள். 2025இல் ஐரோப்பிய ஒன்றியம் ஓநாய்க்குக் கொடுத்திருந்த கடும் பாதுகாப்பை ஒரு படி இறக்கியது, அங்கே சுடுகிறார்கள், இங்கே ஏன் கூடாது என்கிறார்கள். அதே ஐரோப்பாவில் சுலோவாக்கியா பல ஆண்டுகள் ஓநாய் வேட்டைக்கு அனுமதி கொடுத்த நாடு. அந்த ஆண்டுகளின் கணக்கை அலசிய ஆய்வாளர்கள், வேட்டையால் கால்நடைச் சேதம் குறைந்தது என்பதற்குச் சான்றே கிடைக்கவில்லை என்றார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து, ஓநாயைக் கொன்ற மறு ஆண்டு சேதம் கூடுகிறது என்றே 2014இல் ஓர் ஆய்வு வந்தது. அதன் கணிதத்தை மற்றவர்கள் கடுமையாக மறுத்திருக்கிறார்கள், ஆகவே அதன்மீது நான் கட்டடம் கட்டப் போவதில்லை. கொன்றால் குறையும் என்று அடித்துச் சொல்கிறவர்கள்தான் ஆதாரம் காட்டக் கடமைப்பட்டவர்கள். உயிரை எடுக்கச் சொல்பவர் மேல்தான் நிரூபிக்கும் பாரம் விழ வேண்டும்.

இனி வலுவான எதிர்வாதத்துக்கு வருகிறேன். "சட்டப்படி சுட விட்டால், திருட்டுத்தனமாக விஷம் வைக்க மாட்டார்கள்" என்பது அது. 2023 செப்டம்பரில் நீலகிரியில் அவலாஞ்சி அருகே நீரோடையோரம் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. பறிகொடுத்த மாட்டின் சடலத்தில் பூச்சிமருந்து வைத்ததாக மாட்டுக்காரர் கைதானார். 2025 ஜூனில் நம் எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தில் மாதேசுவர மலைக்காட்டின் ஹூக்யம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் ஒரே மாட்டின் சடலத்தைத் தின்று செத்தன. அங்கும் மாடு போன ஆத்திரம்தான். விஷம் புலியோடு நிற்பதில்லை. அந்தச் சடலத்தில் கழுகு இறங்கினால் கழுகும் சாகும். பாறு கழுகுகள் எஞ்சியிருக்கும் மாயாறுப் பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த இரண்டு சம்பவங்களையும் சுடும் அனுமதிக்கு ஆதாரமாக்குவது தலைகீழான முடிவு. மாட்டைப் பறிகொடுத்த மனிதர் விஷப் புட்டியை எடுத்தது கையில் துப்பாக்கி இல்லாததால் அல்ல. மாட்டுக்கான பணம் நேரத்துக்கு, முழுதாக, அலைச்சல் இல்லாமல் வரும் என்ற நம்பிக்கை இல்லாததால்தான் அந்த வெறி பிறக்கிறது. கால்நடை மருத்துவர் வந்து பரிசோதித்துச் சான்று தர வேண்டும், வனத்துறை இடம் பார்க்க வேண்டும், காகிதம் மேசை மேசையாக நகர வேண்டும். அதற்குள் சடலம் நாறிவிடும், கூலி நாட்கள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மாடு செத்தால் சான்றுக்கு யாரைப் பிடிப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவரை விஷம் நிற்காது. சுடும் அனுமதி கொடுத்தால் விஷமும் இருக்கும், துப்பாக்கியும் சேரும். ஜவ்வாது மலையில் நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை எத்தனை முறை ஊர் ஊராகப் போயிருக்கிறது! சிறுத்தைக்கு என்று வாங்கிய துப்பாக்கி சிறுத்தைக்காகக் காத்திருக்காது. மானும் முயலும் காட்டுப்பன்றியும் முதலில் விழும். அவை போனால் சிறுத்தைக்கு மிஞ்சுவது உங்கள் பட்டி மட்டுமே.

அப்படியானால் ஆட்டை எது காக்கும்? மறுபடி மகாராஷ்டிரம். அகோலே வட்டாரத்தில், காடே இல்லாத கரும்பு வயல்களுக்கு நடுவே வாழும் சிறுத்தைகளின் எச்சத்தைச் சேகரித்து அவை என்ன தின்கின்றன என்று அதே ஆத்ரேயாவின் குழு பார்த்தது. இரை எடையில் 39 சதவீதம் நாய். வெள்ளாடு 11 சதவீதம்தான். இத்தனைக்கும் அங்கே நாயைப்போல் ஏழு மடங்கு வெள்ளாடுகள் இருக்கின்றன. நாய் வெளியே திரிகிறது, ஆடு இரவில் அடைபட்டிருக்கிறது என்பதே அவர்கள் காட்டும் காரணம். இந்த ஒரு கணக்கு சுடும் வாதத்தின் அடிப்படையையே பெயர்த்துவிடுகிறது. சிறுத்தைகள் நிறைந்த ஊரில், ஒரு குண்டு கூடச் செலவில்லாமல், நல்ல கதவு ஆட்டைக் காக்கிறது.

நம் பக்கத்துப் பட்டிகளைப் பாருங்கள். இடுப்பளவு முள்வேலி, சில இடங்களில் பழைய வலை, மேலே திறந்த வானம். செம்மறிக் கிடை போடுகிறவர்கள் அறுத்த வயலில் படல் நட்டு அடைத்து, ஓர் ஆள் கட்டிலில் படுத்திருப்பார். ஊரின் நடுவில் இது போதும். காட்டோரத்தில் போதாது. தலைக்கு மேல் கம்பி வலை, ஆளுயரத்துக்கு மேல் சுவர் அல்லது தகடு, உட்புறம் தாழ்ப்பாள், பட்டியைச் சுற்றி நாலு கஜம் புதர் இல்லாத தரை, வாசலில் ஒரு சூரிய விளக்கு. இதில் எதுவும் அரிய தொழில்நுட்பம் இல்லை. ஆனால் கூலி வேலை செய்து ஆடு வளர்ப்பவரால் ஒரே மூச்சில் செய்ய முடியாத செலவு. அரசு செய்ய வேண்டியது இதைத்தான்.

காவல் நாய் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. செங்கம் பகுதி எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்று மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனோடு, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாய்க்குப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். கால்நடைக்குக் காவல் இருப்பது எவ்வளவு பெரிய கடமை என்று பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் நம் மாவட்டத்து மனிதர்கள் அறிந்திருந்தார்கள். இன்று நமீபியாவில் 1994 முதல் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் துருக்கி வகைக் காவல் நாய்களைப் பண்ணையாளர்களுக்குக் கொடுத்து வருகிறது. அதனால் சேதம் வெகுவாகக் குறைந்ததாகப் பண்ணையாளர்களே சொல்கிறார்கள். சிறுத்தை நாயையும் பிடிக்குமே என்றால், பிடிக்கும். அதனால்தான் காசுமீரத்துப் பக்கர்வால் மேய்ப்பர்கள் தங்கள் நாய்க்கு முள் பதித்த இரும்புப் பட்டை கட்டுகிறார்கள். தனி நாய் இரையாகும். பட்டைகட்டிய இரண்டு நாயும், குரைத்ததும் எழும் ஓர் ஆளும் சேர்ந்தால் அது காவல்.

அறம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். காடு எல்லாருக்கும் பயன்படுகிறது. ஜவ்வாது மலையில் பெய்யும் மழை செய்யாற்றில் வருகிறது, வயலுக்குப் பாய்கிறது, நகரத்துக் குழாயிலும் ஏறுகிறது. அந்தக் காடு இருப்பதற்கான விலையை மட்டும் அதன் ஓரத்தில் ஆடு வளர்க்கும் சில நூறு குடும்பங்கள் தனியாகக் கட்டுகின்றன. அநீதி அதுதான். அந்த அநீதியைச் சிறுத்தையின் பிணம் நேர்செய்யாது. பசித்துத் தின்ற விலங்குக்குக் குற்றவாளிப் பட்டம் கட்டி, அதன் தலையை ஆட்டுக்காரரிடம் காட்டி, "உனக்கு நியாயம் கிடைத்துவிட்டது" என்று அனுப்பிவிட்டால், அடுத்த வாரமும் அவருடைய பட்டி திறந்தேதான் இருக்கும். அரசுக்கு ஒரு பைசா செலவில்லை. நம் அனைவருக்கும் மனம் லேசாகிவிடும். ஏமாந்தவர் அவர் ஒருவரே. நாம் கட்ட வேண்டிய கடனை ஒரு விலங்கின் உயிரால் தீர்ப்பது நியாயம் ஆகாது.

ஆகவே சுட அனுமதி கேட்டு மனு எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு வரும்போது இந்த மூன்றையும் எழுதிக் கொண்டுவாருங்கள். செத்த கால்நடைக்குப் பதினைந்து நாளுக்குள் சந்தை விலையில் பணம், விடுமுறை நாளிலும் வரும் கால்நடை மருத்துவருக்கு ஏற்பாடு. காட்டோர ஊர்களில் ஆடு வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூடிய பட்டி கட்ட முழு மானியம். தெருநாய்க் கருத்தடையும் இறைச்சிக் கழிவு அகற்றலும் உள்ளாட்சியின் கட்டாயக் கடமை. கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.